நிறுவையும் கணக்கும்: சார்புவழிச் செய்நிரல் மொழிகளில் நினைவக ஒதுக்கீட்டை அளத்தல்

பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களை அறிந்தோர்க்குக் கொழுந்து நிறுவை பற்றி நாம் விளக்கவேண்டியதில்லை. மலையிலே பறிக்கப்பட்ட கொழுந்து தராசில் இடப்படுகின்றது. கூடையின் அல்லது சாக்கின் எடைக்கும் இலையின் ஈரத்திற்கும் எனக் கழிவு செய்யப்படுகின்றது. எஞ்சியது பறித்தவரின் பெயருக்கு நேரே செக்றோலிற் பதியப்படுகின்றது. பார்வைக்கு எளிதான இச்செயலினுள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. எது நிறுக்கப்படுகின்றது? எவ்வளவு கழிக்கப்படுகின்றது? யாருடைய பெயரில் எழுதப்படுகின்றது? தோட்டங்களிலே நிறுவைத் தராசைச் சுற்றி எழுந்த பிணக்குகள் பெரும்பாலும் இம்மூன்றினுள் ஒன்றைப் பற்றியனவே.

கணினியியலில் ஒரு துறையினரும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இதே மூன்று வினாக்களுடன் போராடி வந்துள்ளனர். சார்புவழிச் செய்நிரல் மொழிகளில் எழுதப்படும் ஒவ்வொரு சார்பும் எவ்வளவு நினைவகத்தைக் கேட்டுப் பெறுகின்றது என்பதை அளப்பதே அவர்களின் பிரச்சினை. அதனைத் தமிழில் விளக்குவதும், அதன்வழித் தமிழ் எழுத்துக்கே உரிய ஒரு செலவினைச் சுட்டிக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்டுப் பதுளையில் இயங்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலே கணினி அறிவியலும் தேயிலைத் தொழில்நுட்பமும் ஒருங்கே கற்பிக்கப்படுகின்றன. ஆகவே தராசையும் கணினியையும் ஒருசேர நோக்குவது இப்பிரதேசத்திற்குப் பொருந்தாத முயற்சியன்று.

1. சார்புவழி மொழிகளின் இயல்பு

கணிதத்தில் சார்பு என்பது தரப்பட்ட உள்ளீட்டிற்கு ஒரு பெறுமானத்தைத் தருவது. அது எதனையும் அழிப்பதில்லை, மாற்றுவதுமில்லை. வழக்கமான கட்டளைவழி மொழிகளில் நினைவகத்தின் ஓர் இடத்தில் இருக்கும் எண்ணை அழித்து அவ்விடத்திலேயே வேறோர் எண்ணை எழுதலாம். சார்புவழி மொழிகளிலோ பழைய பெறுமானம் அப்படியே இருக்க, புதியதொன்று வேறிடத்திலே தோற்றுவிக்கப்படுகின்றது. பட்டியலொன்றின் ஒவ்வோர் எண்ணையும் இரட்டிப்பதென்றால் இரண்டாவதொரு பட்டியல் பிறக்கின்றது. எனவே இம்மொழிகளில் நினைவக ஒதுக்கீடு இடையறாது நிகழ்கின்றது. இனி எவருக்கும் வேண்டப்படாத பெறுமானங்களைக் கண்டறிந்து அவற்றின் இடத்தை மீட்கும் வேலையை மொழியின் இயக்கத்தொகுதியே ஏற்றுக்கொள்கின்றது. இதற்குக் குப்பை சேகரிப்பு என்று பெயர். லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜோன் மக்கார்த்தி 1960இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இவ்வெண்ணக்கரு இடம்பெற்றுள்ளது.

ஈண்டு நாம் சிறப்பாக எடுத்துக்கொள்வது ஹாஸ்கெல் மொழியாகும். சார்புவழி மொழிகள் பல சிதறிக் கிடந்த நிலையில், பொதுவான மொழியொன்று வேண்டும் என 1987இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரிற் கூடிய ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். அதன் முதல் அறிக்கை 1990இல் வெளிவந்தது. தருக்கவியலாளர் ஹாஸ்கெல் கரியின் பெயரே மொழிக்குச் சூட்டப்பட்டது. இன்று பெருவழக்கிலுள்ள அதன் தொகுப்பி ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலே உருவாகியது. அந்நகர் ஊவாவுக்குப் புதியதன்று. 1890இல் ஹப்புத்தளைப் பகுதியிலே தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் பிறந்ததும் அந்நகரிலேதான்.

2. ஒதுக்கியதும் தங்கியதும்

ஹாஸ்கெல் செய்நிரல் ஓடும்போது புதிய பெறுமானங்கள் குவியல் எனப்படும் நினைவகப் பகுதியிலே வைக்கப்படுகின்றன. கிளாஸ்கோ தொகுப்பியில் இதற்கான முறை மிக எளியது. வெற்றிடத்தின் தொடக்கத்தைச் சுட்டும் முள்ளொன்று உண்டு. 24 பைற்று தேவையெனின் அம்முள் 24 பைற்று முன்னே நகர்த்தப்படும்; அவ்வளவே ஒதுக்கீடு. புதிய பெறுமானங்களுக்கென விடப்படும் பகுதி, 2021இல் வெளிவந்த 9.2 பதிப்பு முதல், இயல்பாக 4 மெகாபைற்று அளவினது. அது நிரம்பியதும் குப்பை சேகரிப்பு நிகழ்கின்றது. இன்னும் வேண்டப்படுவன வேறிடத்திற்குப் பெயர்க்கப்பட, மீதி முழுவதும் ஒரேயடியாக வெற்றிடமாகின்றது. முள் மொத்தமாக எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதே மொத்த ஒதுக்கீடு.

இவ்விடத்திலே தொடக்கநிலை மாணவர் பலர் ஒரு மயக்கத்திற்கு உள்ளாகின்றனர். மொத்த ஒதுக்கீடு வேறு. ஒரு கணத்திலே நினைவகத்தில் தங்கி நிற்கும் அளவு வேறு. தேயிலைத் தொழிற்சாலை இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். ஆண்டு முழுவதும் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்த கொழுந்தின் எடை ஒரு கணக்கு. இந்நேரத்தில் வாட்டும் மாடியிலே பரப்பப்பட்டிருக்கும் கொழுந்தின் எடை இன்னொரு கணக்கு. முன்னையது எவ்வளவு வேலை நடந்தது என்பதைக் காட்டும். பின்னையது எவ்வளவு பெரிய கட்டடம் வேண்டும் என்பதைக் காட்டும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்குவதுபோல, ஒதுக்கப்பட்ட நினைவகத்திற் பெரும்பகுதி இறுதி விடையில் இடம்பெறாமலே மறைந்துபோகும். ஆயினும் அதனை ஒதுக்குவதற்கும் மீட்பதற்கும் நேரம் செலவாகியே தீரும்.

ஓர் எடுத்துக்காட்டினைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,000 தொழிலாளர் 300 நாட்கள் பறித்த கொழுந்தின் எடை, கிராம் அளவில், ஒரு பட்டியலாக உள்ளது எனக் கொள்வோம். பதிவுகள் 3,00,000. 64 இருமக் கணினியிலே ஒவ்வொரு சொல்லும் 8 பைற்று. பட்டியலின் ஒவ்வொரு கண்ணிக்கும் மூன்று சொற்கள் வேண்டும்: இது இன்ன வகையினது எனக் கூறும் தலைப்பு, எண்ணைச் சுட்டும் முகவரி, அடுத்த கண்ணியைச் சுட்டும் முகவரி. ஆக 24 பைற்று. எண்ணுக்குத் தலைப்பும் பெறுமானமுமாக 16 பைற்று. ஒரு பதிவுக்கு 40 பைற்று வீதம் பட்டியல் முழுவதற்கும் 1 கோடியே 20 இலட்சம் பைற்று. அதே எண்களைத் தலைப்பின்றி நெருக்கமாக அடுக்கிய அணியில் வைத்தால் 24 இலட்சம் பைற்று போதும். ஐந்து மடங்கு வேறுபாடு.

இப்பட்டியலின் சராசரியைக் காண இருவழிகள் உண்டு. முதல் வழியிலே, ஒரு சார்பு கூட்டுத்தொகையைக் காண்கின்றது. பின்னர் வேறொரு சார்பு அதே பட்டியலை மீண்டும் கடந்து எண்ணிக்கையைக் காண்கின்றது. இரண்டாவது சார்புக்குப் பட்டியல் தேவையாகையால், முதலாவது முடியும்வரை அதன் எப்பகுதியையும் விடுவிக்க இயலாது. 1 கோடியே 20 இலட்சம் பைற்றும் தங்கி நிற்கும். இரண்டாம் வழியிலே ஒரே கடவையிற் கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் சேர்த்தே கணிக்கப்படுகின்றன. கடந்து முடிந்த கண்ணி உடனே குப்பையாகும். எந்தக் கணத்திலும் தங்கி நிற்பது சொற்பமே. தொகுப்பி தன் உகப்பாக்கத்தினாற் பட்டியலையே நீக்கிவிடாதவரை, பட்டியலுக்கான மொத்த ஒதுக்கீடு இரு வழிகளிலும் ஒன்றே. ஆகவே ஒதுக்கீட்டை மட்டும் அளந்தவர் இவ்விரண்டும் சமமெனக் கூறுவார். தங்கலை அளந்தவரே வேறுபாட்டைக் காண்பார். எது நிறுக்கப்படுகின்றது என்னும் முதல் வினாவின் முக்கியத்துவம் இதுவே.

3. கழிவு

ஒரு சார்பின் ஒதுக்கீட்டைத் தனியே அளப்பதற்கென 2016இல் ஹாஸ்கெலில் ஒரு கருவி வெளியாகியது. அதன் பெயர் 'வே'. நிறு என்பதே பொருள். ஒவ்வொரு சார்பையும் புதிய செயன்முறையொன்றிலே தனித்து ஓடவிட்டு, முந்திய அளவீட்டின் எச்சம் அடுத்ததில் ஒட்டாதவாறு அது நிறுக்கின்றது. அளக்கும் செயலே சிறிது நினைவகத்தை உண்பதால், சார்பு ஓடுவதற்கு முன் இருந்த ஒதுக்கீட்டை முதலில் அறிந்து பின்னர் அதனைக் கழிக்கின்றது. வெறுங்கூடையை நிறுத்து, நிறைந்த கூடையின் எடையிலிருந்து கழிப்பதற்கு இது ஒப்பானது. கழிவு எவ்வளவு என்பது அளந்து பெறப்படுகின்றது என்பதே இங்கு கவனத்திற்குரியது. கண்மதிப்பாகக் கழிக்கும் வழக்கத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தோட்டத்து மக்கள் எளிதில் உணர்வர்.

இத்தகைய நிறுவைக்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. ஓடும் நேரத்தை அளந்தால், கணினியில் வேறென்ன வேலை நடக்கின்றது என்பதைப் பொறுத்து விடை ஒவ்வொரு முறையும் மாறும். ஒதுக்கீடோ, ஒரே தொகுப்பியும் ஒரே உள்ளீடும் இருப்பின், பெரும்பாலும் மாறுவதில்லை. எனவே நேற்றைய செய்நிரலையும் இன்றைய செய்நிரலையும் ஒப்பிட அது நம்பகமான அளவுகோலாகின்றது.

ஆயின் அளக்கும் செயல் அளக்கப்படுவதையே மாற்றிவிடும் இடரும் உண்டு. செய்நிரலின் உள்ளே அளவைக் குறிகளைப் பதித்தால், தொகுப்பி வழக்கமாகச் செய்யும் சில உகப்பாக்கங்கள் தடைப்படும். அப்போது நாம் அளப்பது நாம் பயன்படுத்தும் செய்நிரலை அன்று. அதன் மெதுவான உடன்பிறப்பினையே. 2022இல் வெளிவந்த 9.4 பதிப்பிலே, உகப்பாக்கம் முடிந்த பின்னர் குறிகளைப் பதிக்கும் வழி சேர்க்கப்பட்டமை இக்குறையைப் பெருமளவு போக்கியது.

4. யாருடைய பெயரில்?

மூன்றாவது வினாவே மிகக் கடினமானது. ஹாஸ்கெல் ஒரு சோம்பல் மொழி. அஃதாவது, ஒரு கோவையின் பெறுமானம் உண்மையில் வேண்டப்படும்வரை அது கணிக்கப்படுவதில்லை. அதுவரை, இதனைப் பின்னர் கணிக்கவேண்டும் எனக் கூறும் சீட்டொன்றே குவியலிலே வைக்கப்படுகின்றது. ஆங்கிலத்தில் அதனைத் தங்க் என்பர். நாம் கடன்சீட்டு எனக் கொள்ளலாம். மேற்கூறிய 3,00,000 எடைகளையும் கவனமின்றிக் கூட்டினால், ஒவ்வொரு கூட்டலும் ஒரு கடன்சீட்டாகத் தேங்கும். சீட்டொன்றுக்கு 32 பைற்று வீதம் 96 இலட்சம் பைற்று கடனாகவே குவிந்துவிடும். உகப்பாக்கத்துடன் தொகுத்தால், இவ்வகை எளிய இடங்களைத் தொகுப்பியே கண்டறிந்து உடனுக்குடன் கூட்டிவிடும். சிக்கலான இடங்களில் எழுதுபவரே கவனிக்கவேண்டும்.

ஒரு சார்பு எழுதிய சீட்டை முற்றிலும் வேறொரு சார்பு தீர்க்கவைக்கலாம். பட்டியலைத் தோற்றுவிக்கும் சார்பு ஒன்று. அதனை அச்சிடும் சார்பு மற்றொன்று. அச்சிடும்போதே கணிப்பு உண்மையில் நிகழ்கின்றது. அப்படியாயின் அதற்கான நினைவகச் செலவு எவர் கணக்கில் எழுதப்படவேண்டும்? கணிப்பு நிகழ்ந்த கணத்தில் இயங்கிக்கொண்டிருந்தவர் கணக்கில் என்றால், அச்சிடும் சார்பே பெருஞ்செலவாளி எனத் தோன்றும். அதனைத் திருத்த முயல்வோர் வீணே உழைப்பர்.

கிளாஸ்கோவில் இவ்வினாவை ஆராய்ந்த பற்றிக் சான்சமும் சைமன் பெய்ற்றன் ஜோன்சும் 1995இல் தெளிவானதொரு விடையை முன்வைத்தனர். செய்நிரலின் பகுதிகளுக்குச் செலவு மையம் எனப் பெயரிட்ட குறிகளை இடவேண்டும். ஒவ்வொரு கடன்சீட்டும் தான் எழுதப்பட்டபோது எந்தச் செலவு மையம் நடப்பிலிருந்தது என்பதைத் தன்னுடனேயே சுமந்து செல்லும். எவர் கேட்டாலும், எப்போது தீர்க்கப்பட்டாலும், செலவு அந்த மையத்தின் பெயரிலேயே பதியப்படும். ஒருபோதும் கேட்கப்படாத சீட்டின் கணிப்புக்கு எவர் பெயரிலும் செலவு எழுதப்படாது. அறிக்கையில் ஒவ்வொரு மையத்திற்கும் தன் சொந்த ஒதுக்கீடும், அது அழைத்தவற்றின் ஒதுக்கீட்டையும் சேர்த்த தொகையும் தனித்தனியே தரப்படுகின்றன.

மொத்தத் தொகை எந்த விதியாலும் மாறுவதில்லை. யார் செலவாளி என்பதே மாறுகின்றது. இவ்வுண்மையை மலையகத்தின் வரலாறு நன்கறியும். தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைக் கொண்டுவந்த செலவு, அவர்களின் உழைப்பை வேண்டிநின்ற மூலதனத்தின் கணக்கில் எழுதப்படவில்லை. கங்காணியூடாகத் தொழிலாளரின் கடனாகவே எழுதப்பட்டது. அக்கடனைத் தீர்ப்போர் இவர்களை ஏற்கலாம் என எழுதிக்கொடுக்கப்பட்ட சீட்டே துண்டு எனப்பட்டது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, ஒரு குடும்பத்தின் நடமாட்டத்தை அந்தத் தாள் கட்டுப்படுத்தியது. மனிதரின் கடனும் கணினியின் பைற்றும் ஒன்றெனக் கூறுவது எமது கருத்தன்று. கணக்கின் விதி இயற்கையாய் அமைவதன்று, சிலர் வகுப்பதே என்பதும், அவ்விதியை வெளிப்படையாகக் கூறி நியாயப்படுத்துவது கணக்கெழுதுவோரின் கடமை என்பதும் இரண்டிற்கும் பொருந்தும். சான்சமும் பெய்ற்றன் ஜோன்சும் செய்தது அதுவே. தமது கருவி எதை யாருக்கு எழுதும் என்பதனை அவர்கள் முறைசார் விதிகளாகவே வரைந்து காட்டினர்.

தங்கலை ஆராயும் முயற்சி இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்திலே வளர்ந்தது. கொலின் றன்சிமனும் டேவிட் வேக்லிங்கும் 1993இல், எந்தச் சார்பு தோற்றுவித்த பெறுமானங்கள் எக்காலத்தில் எவ்வளவு தங்கின என்பதை வரைபடமாகக் காட்டினர். 1996இல் றன்சிமனும் நிக்லஸ் றொஜெமோவும் ஒவ்வொரு பெறுமானத்தின் வாழ்வையும் பிரித்து நோக்கினர். பிறந்தும் பயன்படாதிருக்கும் காலம், பயன்படும் காலம், இறுதிப் பயனின் பின்னும் விடுபடாது கிடக்கும் காலம் என்பன மூன்று. ஒருபோதும் பயன்படாமலே அழிவன நான்காவது வகை. சிக்கனத்திற்கு இடம் எங்குள்ளது என்பதை இப்பாகுபாடு நேரடியாகக் காட்டுகின்றது.

5. தமிழ் எழுத்தின் விலை

இவ்வளவைகளைத் தமிழ் நூற்பகுதி மீது செலுத்தினால் வெளிப்படும் செய்தி எம்மவர் அனைவரும் அறியவேண்டியது. ஹாஸ்கெலின் மிகப் பழைய சரவகை, எழுத்துகளின் பட்டியலேயாகும். ஓர் எழுத்துக் குறிக்குக் கண்ணி 24 பைற்று, எழுத்து 16 பைற்று. ஆயின் குறியெண் 255 வரையான எழுத்துகளுக்குத் தொகுப்பி நிலையான பிரதிகளை வைத்துள்ளது. குப்பை சேகரிப்பின்போது அவ்வெழுத்துகள் அப்பொதுப் பிரதிகளால் மாற்றப்படுவதால், அவற்றுக்குக் கண்ணியின் 24 பைற்று மட்டுமே எஞ்சும். ஆங்கில எழுத்துகள் யாவும் இவ்வரம்பினுள் அடங்கும். தமிழ்க் குறியெண்கள் 2944 முதல் தொடங்குவதால் அச்சலுகை அவற்றுக்கு இல்லை.

பதுளை என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மூன்றெழுத்து. ஒருங்குறியிலோ ப, த, உகரக்குறி, ள, ஐகாரக்குறி என ஐந்து குறிகள். தங்கி நிற்கும்போது 5 குறிகளுக்கு 200 பைற்று. ஆங்கிலத்திலே அப்பெயர் ஏழு எழுத்து. ஆயினும் 168 பைற்றே. நெருக்கமாக அடுக்கும் 'டெக்ஸ்ற்' நூலகத்தின் கதையும் கருதத்தக்கது. 2021இன் இறுதிவரை அது 16 இருமக் குறியீட்டைப் பயன்படுத்தியது. அதில் பதுளை 10 பைற்று, அதன் ஆங்கில வடிவம் 14 பைற்று. அதன் பின்னர் 8 இருமக் குறியீட்டிற்கு மாறியது. பதுளை 15 பைற்று ஆயிற்று, ஆங்கில வடிவமோ 7 பைற்றாகக் குறைந்தது. இம்மாற்றத்திற்குத் தக்க காரணங்கள் இருந்தன. இணையத்திலும் கோப்புகளிலும் 8 இருமக் குறியீடே பெருவழக்காதலால், உள்ளே வரும்போதும் வெளியே செல்லும்போதும் நிகழும் குறிமாற்ற வேலை குறைந்தது. ஆயினும் ஒரு மொழியின் செலவு பாதியாக, இன்னொரு மொழியின் செலவு ஒன்றரை மடங்கானது என்பது அளந்து கண்ட உண்மை.

இதனை எவரோ தமிழுக்கு இழைத்த தீங்கெனக் கொள்ளவேண்டியதில்லை. சுருக்க முறைகளைக் கையாள்வதாலும், மீண்டும் மீண்டும் வரும் பெயர்களுக்கு ஒரே பிரதியைப் பகிர்வதாலும் இச்செலவைப் பெரிதும் தணிக்கலாம். ஆயின் தணிக்கவேண்டியது எவ்வளவு என்பதை அறிய முதலில் நிறுக்கவேண்டும். தோட்டப் பதிவேடுகள், பாடசாலை இடாப்புகள், வாக்காளர் பட்டியல்கள் ஆகியன கணினிமயமாகும்போது, தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே வைத்தல் செலவு மிக்கது என்னும் வாதம் எழக்கூடும். 1948இன் குடியுரிமைச் சட்டத்தின்பின் ஒரு பெயர் பதிவேட்டில் இருப்பதும் இல்லாதிருப்பதும் வாழ்வையே தீர்மானித்த மக்களுக்கு, அப்பெயர் எவ்வெழுத்தில் உள்ளது என்பது அற்ப விடயமன்று. மேற்கண்ட வாதத்திற்கு உணர்ச்சியால் மட்டும் விடை கூறல் போதாது. மூன்று இலட்சம் பெயர்கள், பெயருக்குப் பத்துக் குறிகள், குறிக்கு மூன்று பைற்று எனக் கொண்டால் மொத்தம் 90 இலட்சம் பைற்று. இன்றைய கைத்தொலைபேசியொன்றின் நினைவகத்திலும் இது ஒரு சிறு மூலையே. செலவு உண்டு, அது தாங்கத்தக்கது. இவ்விரண்டையும் ஒருசேரக் கூற அளவையே எமக்கு உதவுகின்றது.

6. முடிவுரை

சார்புவழிச் செய்நிரல் ஒன்றின் நினைவகத்தை அளப்பதென்பது, ஒதுக்கீட்டையும் தங்கலையும் வேறுபடுத்தி, அளவையின் சொந்தச் செலவை அளந்தே கழித்து, எஞ்சியதை வெளிப்படையான விதியொன்றின்படி உரிய சார்பின் பெயரில் எழுதுவதாகும் என இதுவரை கண்டோம். இவற்றுள் ஒன்று தவறினும் எண்கள் துல்லியமாகத் தோன்றிக்கொண்டே பொய்யுரைக்கும்.

இத்துறை பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. கலைச்சொற்களும் இன்னும் நிலைபெறவில்லை. நாம் ஈண்டு கையாண்ட சில சொற்களினும் சிறந்தவற்றை அறிஞர்கள் காணக்கூடும். ஆயினும் அளவையின் அறம் எமக்குப் புதிதன்று. தராசின் முள்ளைத் தானே பார்க்கவேண்டும், கழிவின் காரணத்தைக் கேட்கவேண்டும், தன் பெயருக்கு நேரே எழுதப்பட்டதை வாசித்தறிய வேண்டும் என்பது தோட்டத்து மக்கள் தலைமுறைகளாய்ப் போராடிப் பெற்ற அறிவு. அவர்களின் பிள்ளைகள் கணினியின் முன் அமரும்போது அவ்வறிவையும் உடன் கொண்டுசெல்வாராயின், அவர்கள் இத்துறைக்கு வெறுங்கையுடன் வந்தவர்கள் அல்லர்.